மூன்று மாப்பிள்ளைகள், ஒரே கோட்டு

1. முன்பக்கம் மட்டும்

எழுபதுகளின் நடுவில் மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். கேமராவைத் தொடும் வேலை இல்லை, படம் எடுக்க வருகிறவர்களை உடுத்திவிடும் வேலை. முதல் நாள் காலையில் முதலாளி என் கையில் ஒரு கருப்புக் கோட்டு, ஒரு டை, சீப்பு, பவுடர் டப்பா, ஒரு பிடி துணி கிளிப் எல்லாவற்றையும் கொடுத்தார்.

"கேமராவுக்கு முன்பக்கம்தான் தெரியும் சரசு. முதுகுல என்ன இருந்தாலும் அதுக்குத் தெரியாது லா. நீ முன்பக்கத்த மட்டும் பாத்துக்கோ," என்றார்.

முதலாளி சீனர். நாங்கள் எல்லாரும் தவுக்கே என்று கூப்பிடுவோம். அவருடைய அப்பா ஓர் எஸ்டேட்டில் மளிகைக்கடை வைத்திருந்தவர். அதனால் தமிழ் அவருக்கு எங்களைப் போலவே, எங்கள் ஊர் 'லா'வோடு வரும். கோபம் வந்தால் மட்டும் கான்டனீஸுக்குப் போய்விடுவார்.

அந்தக் கோட்டு யாருக்குத் தைத்ததோ தெரியாது, நல்ல கனமான ஆளாக இருந்திருக்க வேண்டும். ஒல்லியான ஆள் வந்தால் முதுகுப் பக்கம் துணியைச் சுருட்டி வரிசையாக கிளிப் போட்டுவிடுவேன். முன்னால் பார்த்தால் வக்கீல், பின்னால் பார்த்தால் துணி காயப்போட்ட கொடி. படம் இடுப்புக்கு மேலேதான் என்பதால் கீழே கைலியும் மேலே கோட்டும் டையுமாக உட்கார்ந்தவர்கள் எத்தனையோ பேர். கோட்டின் கழுத்துப் பட்டையில் பூச்சி அரித்த ஓட்டை ஒன்று இருந்தது. அதை மறைக்க ஒரு பிளாஸ்டிக் ரோஜாவைக் குத்தி வைத்தேன். தவுக்கே பார்த்துவிட்டு, "பாகுஸ், பாகுஸ்!" என்று மலாயில் பாராட்டி என் தோளைத் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெண்களுக்கும் ஒரு சேலை இருந்தது, ஜரிகை போட்டது. கல்யாணத்துக்குப் படம் அனுப்ப வேண்டும் என்று எஸ்டேட்டிலிருந்து வரும் பெண்களுக்கு அதைத்தான் கட்டிவிடுவேன். ஈப்போவில் இருந்த ஒரு கல்யாணத் தரகர் தன்னிடம் வருகிற அத்தனை வரன்களையும் எங்களிடமே அழைத்து வருவார். அதில்தான் வினை வந்தது.

2. மண்டோர் வந்த ஞாயிற்றுக்கிழமை

காம்பார் பக்கத்து எஸ்டேட்டில் மண்டோராக இருந்தவர் அங்கப்பன். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களை மேய்க்கிற வேலை, குரலும் அதற்கேற்ற குரல். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோ நிறைய ஆள் இருக்கும்போது மகள் லெட்சுமியோடு உள்ளே வந்து, மேசைமேல் மூன்று படங்களைச் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துப் போட்டார்.

"ஏம்மா, இவங்க மூணு பேரும் அண்ணன் தம்பியா?"

எட்டிப் பார்த்தேன். தரகர் அவர் மகளுக்காகக் கொண்டுபோய்க் கொடுத்த மூன்று மாப்பிள்ளைகள். மூன்று பேரும் ஒரே கோட்டில் இருந்தார்கள். ஒரே டை. மூன்று நெஞ்சிலும் என்னுடைய ரோஜா.

"இல்லீங்க மண்டோர். அது ஸ்டுடியோ கோட்டு," என்றேன்.

"அப்ப அவனுங்களுக்குச் சொந்தமா கோட்டு இல்லையா? கோட்டு சூட்டு போட்ட மாப்பிள்ளைங்க மூணு பேரு வரிசையில நிக்கிறாங்கன்னு லயத்துல குடியிருக்கிற அத்தன பேருகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்! இந்தப் புள்ளதான் பூவக் காட்டுனா. இல்லாட்டி நான் கவனிச்சிருக்கவே மாட்டேன்."

வரிசையில் நின்ற ஆட்களில் ஒருவர் சிரித்துவிட்டார். மண்டோர் எஸ்டேட்டுக்குப் போய் வாயைத் திறந்தால் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் அதோடு சரி.

"இப்ப எத வச்சு நான் ஆளத் தெரிஞ்சிக்கிறது? தை பொறக்கிறதுக்குள்ள முடிவு சொல்லணும். போதும்! பாகான் செராய் அரிசி மில்லுல கணக்கு எழுதுற கிராணியா இருக்கானே, அவனுக்கே குடுத்துடுறேன். கிராணி வேலைன்னா கிராணி வேலைதான்."

லெட்சுமியின் முகம் சுருங்கிவிட்டது. அதுவரை வாயே திறக்காத பெண் அவள். வயது இருபதுதான் இருக்கும். அப்பாவுக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும் பேசினாள்.

"அப்பா, கட்டிக்கப் போறது நான். அவங்களச் சொந்தச் சட்டையில ஒருவாட்டி படம் எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க. அதப் பாத்துட்டு நான் சொல்றேன்."

மண்டோர் திகைத்துப் போனார். தவுக்கே புத்திசாலி. அந்த நேரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"மண்டோர், நான் ஓசியில எடுத்துத் தாரேன் லா. மூணு பேரும் வரட்டும். உங்க பொண்ணு பாத்து சொல்லட்டும்."

ஓசி என்றதும் மண்டோர் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, நீயே பாத்துச் சொல்லு. பின்னாடி என்னைக் குத்தம் சொல்லக்கூடாது. ஆனா ஒண்ணும் சொல்லாம முழிச்சிக்கிட்டு நின்னியோ, கிராணிதான்," என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

3. சொந்தச் சட்டை

முதலில் வந்தவர் அந்த அரிசி மில் கிராணி கோவிந்தசாமி. புத்தம் புது சபாரி சூட். கடையில் மடித்து வைத்த மடிப்பு நெஞ்சின் குறுக்கே அப்படியே இருந்தது. இதுதான் சொந்த உடையா என்று கேட்டேன். "இனிமே சொந்தம்தான்," என்றார். ஸ்டூலில் உட்கார்ந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தக் காலத்தில் கையில்லாத ரவிக்கை என்றால் எங்களுக்கெல்லாம் பைத்தியம். நானும் அதைத்தான் போட்டிருந்தேன்.

"வேலைக்கு வர்ற பொம்பளைக்கு இந்த மாதிரி ரவிக்கை எதுக்கு? அந்தப் பொண்ணு இப்படியெல்லாம் போடாதுதானே?"

பவுடரை அவர் மூக்குக்குள் போகிற மாதிரி அடித்தேன். மூன்று தும்மல் தும்மினார்.

அடுத்தவர் மாணிக்கம், நகைக்கடையில் வேலை. அம்மாவோடு வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பட்டன், நெற்றியில் திருநீறு. பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். "உங்களுக்கு எந்தப் பக்கம் திரும்பினா பிடிக்கும்?" என்று கேட்டேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாள் என் கையிலிருந்த சீப்பைப் பிடுங்கி மகனுக்கு வகிடு எடுத்துவிட்டு, "அவனுக்கு எது நல்லா இருக்கும்னு எனக்குத்தாம்மா தெரியும்," என்றார். ஆள் நல்லவர்தான், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் போகிறவரைக்கும் அவர் குரலை நான் கேட்கவே இல்லை.

மூன்றாவது ஆள் வாசலில் நின்றபோது தவுக்கே கல்லாவைப் பூட்டினார். தோள்வரை பறக்கும் காலர், காதோரம் தடித்த கிருதா, தெருவைக் கூட்டிக்கொண்டு வருகிற பெல்பாட்டம். சட்டை நல்ல ஆரஞ்சு நிறம், அதில் தட்டு தட்டாகப் பச்சை இலை. பெயர் செல்வராஜு, பஸ் கண்டக்டர். முன்பு இவருக்குக் கோட்டு மாட்டிவிட்டதும் நான்தான், ஆனால் அடையாளமே தெரியவில்லை.

"அக்கா, சட்டை நல்லா இல்லைன்னு சொல்லிடாதீங்க. சொன்னாலும் மாத்த மாட்டேன். வாரத்துல ஆறு நாள் கம்பெனி சட்டை. மிச்சம் இருக்கிற ஒரு நாளாச்சும் நான் நானா இருக்கணும் லா."

கருப்பு வெள்ளைப் படத்தில் நிறம் விழாது என்று சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஐயையோ! இந்தக் கலருக்காக பினாங்கு வரைக்கும் போனேன்க்கா!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தவுக்கே கேமராவுக்குப் பின்னால் கருப்புத் துணிக்குள் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். படம் எடுத்து முடிந்து, போகும்போது செல்வராஜு ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பொண்ணு ஜரிகைச் சேலையில இருக்கிற படம்தான் எனக்குக் காட்டுனாங்க. அது அதுக்குப் புடிச்ச சேலையா, இல்ல இங்க கட்டிவிட்டதா?"

கட்டிவிட்டது நான்தான். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று நான் கேட்டதே இல்லை.

4. லெட்சுமி சொன்னது

அடுத்த ஞாயிறு மண்டோரும் லெட்சுமியும் வந்தார்கள். தவுக்கே ஒரு நல்ல காப்பி வாங்கிக் கொடுத்து, மூன்று படங்களையும் வரிசையாக வைத்தார்.

மண்டோர் கிராணி படத்தைக் கையில் எடுத்தார். "சபாரி! பாத்தியா, பெரிய மனுசன் மாதிரி இருக்கான்." தவுக்கே மாணிக்கத்தின் பக்கம். "இந்தப் பையன் பாகுஸ் மண்டோர். சண்டை போட மாட்டான், செலவும் வைக்க மாட்டான்." செல்வராஜு படத்தைப் பார்த்ததும் மண்டோருக்கு மூச்சு வாங்கியது. முழு உருவப் படம் அது, பெல்பாட்டம் தெரிய வேண்டும் என்று அவரே கேட்டு எடுத்துக்கொண்டது.

"இது என்ன காச்சட்டையா, ரெண்டு பாவாடையா?"

லெட்சுமி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "அக்கா, இந்தச் சட்டை என்ன கலரு?" என்று கேட்டாள். சொன்னேன். இலையையும் சொன்னேன். "மூணு பேரும் என்ன பேசினாங்க?" என்றாள். என் அபிப்பிராயம் எதையும் சேர்க்காமல், அவரவர் சொன்னதை அவரவர் வார்த்தையில் சொன்னேன். ரவிக்கை விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் என் குரல் கொஞ்சம் ஏறியிருக்கும். கடைசியாக, சேலையைப் பற்றி செல்வராஜு கேட்டதைச் சொன்னேன்.

லெட்சுமி அந்தப் படத்தை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"இவரு போதும்பா."

"என்னாது? இந்த ரௌடிப் பயலா? எதப் பாத்து லா?"

"மத்த ரெண்டு பேரும் உங்களுக்காக உடுத்திக்கிட்டு வந்திருக்காங்க. இவரு மட்டும்தான் தனக்குப் புடிச்சதப் போட்டுக்கிட்டு வந்திருக்காரு. எனக்கு என்ன புடிக்கும்னு கேட்டதும் இவரு ஒருத்தருதான். நான் ஆசைப்பட்டு ஒரு மேக்சி தைச்சேன். ஒரு நாள்கூடப் போடல. நீங்க அதக் கிழிச்சு சைக்கிள் தொடைக்கப் போட்டுட்டீங்க. இவரு வீட்டுல என் துணிய யாரும் கிழிக்க மாட்டாங்க."

லெட்சுமி அழவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை. லயம் முழுக்கக் கேட்கும் குரல்காரர் மண்டோர், கோப்பையைக் கையில் எடுத்துக் குடிக்காமலே கீழே வைத்தார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. தவுக்கே மெதுவாக எழுந்து இருட்டறைக்குள் போய்விட்டார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

மண்டோர் செல்வராஜு படத்தை மறுபடி எடுத்துத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார், கிட்டே கொண்டுவந்து பார்த்தார். "சிரிச்ச மூஞ்சிதான்," என்றார். பிறகு மகளைப் பார்க்காமல் என்னிடம் கேட்டார்.

"ஏம்மா, மேக்சி தைக்கிற துணி இங்க எந்தக் கடையில கிடைக்கும்?"

கடைக்கு வழி சொல்வதற்குப் பதிலாக நானே செருப்பை மாட்டிக்கொண்டு அவர்களோடு கிளம்பினேன். வேலை நேரத்தில் நான் வெளியே போனதைத் தவுக்கே கேட்கவே இல்லை.

எண்பதுகளின் கடைசிவரை அந்த ஸ்டுடியோவில் இருந்தேன். கலர் படம் வந்தது, ஆட்கள் கூடினார்கள், புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு நானே வேலை சொல்லிக் கொடுத்தேன். பவுடர் எப்படி அடிப்பது, வெளிச்சம் முகத்தில் எங்கே விழும் என்பதெல்லாம் பிறகு. முதலில் ஒன்றைச் சொல்வேன்: வருகிறவர் உடையைப் பார்த்து ஆளை எடை போடாதே, அடுத்தவர் உடையைப் பற்றி அவர் என்ன பேசுகிறார் என்று காது கொடுத்துக் கேள். அப்புறம், அலமாரியைத் திறப்பதற்கு முன்னால், "உங்களுக்கு என்ன புடிக்கும்?" என்று வாய் திறந்து கேட்டுவிடு.