கேட்டு வாங்கிய சட்டை

எங்கள் தெருவில் பிள்ளை பிறந்தால் முதலில் போடுவது என் சட்டையைத்தான். பிறந்தபோது நான் எலிக்குஞ்சு மாதிரி இருந்தேனாம். தேறுவேன் என்று யாருமே நம்பவில்லையாம். தேறியதோடு நிற்காமல் கண்டதையும் தின்று குண்டாகிவிட்டதால், நான் முதலில் போட்ட சட்டைக்கு ஒரு மவுசு வந்துவிட்டது. புதுத்துணி போடுமுன் அதைக் கேட்டு வாங்கிப் போட்டால் பிள்ளை நிலைக்கும் என்பார்கள். போன வீட்டிலிருந்து துவைத்து மடித்துத் திரும்பி வரும். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அத்தை, பிரசவத்துக்காக ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் ஒன்றாம் வகுப்பு. அதற்கு முன் இரண்டு முறை அவளுக்குக் கரு தங்கவில்லை. இந்த முறையாவது பிள்ளை கைக்கு வரவேண்டும் என்று வீடே வேண்டிக்கொண்டிருந்தது. பட்டாளத்தில் இருந்த மாமா, என்ன வாங்கி அனுப்பட்டும் என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறக்குமுன் புதுசு எதுவும் கூடாது என்று அம்மா தடுத்துவிட்டாள்.

ஆனால் அம்மாவுக்குத் திட்டம் போடாமல் இருக்க முடியாது. அப்பாவின் பழைய வேட்டிகளை வெந்நீரில் அலசி இடுப்புத்துணியாகக் கிழித்தாள். ஐப்பசி மழையில் சீக்கிரம் காயாது என்று கூடுதலாகவே கிழித்தாள். பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் அப்பாவுக்கு வேலை. அங்கே மிஞ்சிய துண்டுகள் வாய் துடைக்க வந்தன. பழைய சேலையில் தைத்த சட்டைகளுக்குப் பொத்தான் கிடையாது, உறுத்துமாம். தலைவழியே மாட்டுவதும் கிடையாது, முன்பக்கம் நாடாதான். அத்தை எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

“இதெல்லாம் பொறவு இருக்கட்டும் மதினி. மொதல்ல இவ சட்டையத்தான் போடணும்” என்றாள்.

ஆண் பிள்ளை பிறந்தான். என் சட்டை அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்த சில நாளிலேயே மூச்சு இழுக்கிறது என்று மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். அத்தை வெறுங்கையோடு திரும்பி வந்தாள். பிள்ளை போய்விட்டான் என்று எல்லோரும் அழுதார்கள், நானும் அழுதேன். எங்கே போனான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

துணி பத்தாமல் போய்விடுமோ என்றுதான் அம்மா பயந்திருந்தாள். அத்தனையும் மிஞ்சிப்போகும் என்று அவள் நினைக்கவே இல்லை. மூட்டையாகக் கட்டிப் பரணில் போட்டுவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அதன்பின் தெருவில் வேறு பிள்ளைகள் பிறந்தன. யாரும் சட்டை கேட்டு எங்கள் படி ஏறவில்லை. எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது, என் சட்டை எங்கே என்று அத்தையிடமே கேட்டுவிட்டேன். அம்மா பதறி என் வாயைப் பொத்த வந்தாள். அத்தை அவளைத் தடுத்து என்னை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

“ஏட்டி, அவன் அதப் போட்டுக்கிட்டேதான் போயிட்டான். குளுருமேன்னு நான்தான் கழத்த விடல.”

“வளந்துட்டான்னா அது அவனுக்குப் பத்தாதுல்ல அத்தை? அப்பத் தந்துருவானா?”

அத்தை என் உச்சந்தலையில் முகத்தைப் பதித்துக்கொண்டாள். “ஆமாட்டி, வளந்தா பத்தாது” என்றாள்.

சட்டை எப்படியும் வந்துவிடும் என்ற நிம்மதியில் நான் தேர் பார்க்க ஓடினேன்.