மேற்கே கட்டிய தார்ப்பாய்

எங்கள் ஊரில் காற்று என்றால் மேற்குதான். இலஞ்சிப் பக்கம் யாரிடமும் காற்று எங்கிருந்து வரும் என்று கேட்டால் மலையைத்தான் கை காட்டுவார்கள். ஆனியிலும் ஆடியிலும் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று ஓட்டைத் தூக்கும், சாரலைச் சுவரில் அறையும். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் அதைச் சுகம் என்பார்கள். அவர்கள் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறவர்கள். இங்கே வீடு கட்டி இருக்கிறவனுக்கு அது மேற்குச் சுவரில் பாசி, பூத்துப் போன சுண்ணாம்பு, காயாத துணி. அதனால் எங்கள் தெருவில் மேற்கே சன்னல் வைத்த வீடு கிடையாது. வைத்தவனும் செங்கல் வைத்து அடைத்துவிட்டான். நல்ல சாமான், கட்டில், அரிசி மூட்டை எல்லாம் கிழக்கு அறையில்தான். ஐப்பசி மழை வேறு. அது நெட்டுக்கு, நேராகக் கீழே விழும், வடிந்து போகும். அதோடு காற்றைச் சேர்த்து யாரும் நினைத்ததில்லை.

நானும் நினைக்கவில்லை. நினைக்காததற்கு என் மனைவி கொடுத்த விலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவளுக்கு நுரையீரல் கெட்டுப்போய் நாலு வருடம் ஆகிறது. இருபத்தைந்து வருடம் பீடி சுற்றினாள். ஒரு பீடிகூடப் பிடித்ததில்லை. பிடித்தவன் நான். நான் நன்றாக இருக்கிறேன். இதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று என்னிடம் யாரும் கேட்க வேண்டாம்.

வீட்டில் ஆக்ஸிஜன் மிஷின் ஒன்று இருக்கிறது. கரண்டில் ஓடும். காற்றை இழுத்து ஆக்ஸிஜனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும். போன ஐப்பசி வரை ஒரு நாளில் நாலு மணி நேரம் மட்டும் குழாய் இல்லாமல் இருக்க அவளால் முடிந்தது. காலையில் இரண்டு மணி நேரம் அடுப்படியில் நிற்பாள். சாயங்காலம் இரண்டு மணி நேரம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவையே அதட்டிக்கொண்டிருப்பாள். மீன்காரனிலிருந்து பால்காரன் வரை அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் இல்லை. அந்த நாலு மணி நேரந்தான் அவள். மற்ற இருபது மணி நேரம் கட்டிலில் கிடக்கிற நோயாளி. தென்காசியில் மருத்துவர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்: "ஒரே ஒரு தடவ ஆக்ஸிஜன் ரொம்ப எறங்கிச்சுன்னா இந்த நாலு மணி நேரமும் போயிரும். அப்புறம் திரும்பாது. பாத்துக்கிடுங்க."

பார்த்துக்கொள்ளத்தான் செய்தேன். அந்த ஐப்பசியில் புயல் என்று சொன்னபோது தெருவில் என்னைவிட அதிகமாக ஓடியவன் இல்லை.

கைபேசி சங்கு ஊதுவதுபோல் கத்தி எச்சரிக்கை காட்டியது. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து, ஆற்றுக்குப் போகாதீர்கள், அருவிக்குப் போகாதீர்கள் என்றார்கள். நான் முதலில் கரண்ட் ஆபீசுக்குப் போனேன். வீட்டில் மிஷின் ஓடுகிறது, நிறுத்தாமல் இருக்க முடியுமா என்று கேட்டேன். "காத்தடிச்சா நிப்பாட்டத்தான் செய்வோம் அண்ணாச்சி. கம்பி அறுந்து தெருவுல கெடந்தா எத்தன பேரு சாவான்?" என்றான் அங்கிருந்தவன். அவன் சொன்னது சரி. சரியாக இருந்ததால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

அடுத்தது சிலிண்டர். கையிருப்பில் சின்ன சிலிண்டர் ஒன்று, பாதிதான் இருந்தது. நிரப்பித் தருகிற கடைப் பையனுக்குப் போன் போட்டேன்.

"வண்டி திருநெல்வேலியில இருந்து நாளைக்கு வரும் அண்ணாச்சி."

"நாளைக்குப் புயல் வருதுலே."

"அப்ப நாளான்னைக்கு."

வைத்துவிட்டான். வாயில் வந்ததை வெறும் போனிடம் திட்டினேன். பிறகு இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி, வயரை எல்லாம் துடைத்து, ஐந்து மணி நேரம் தாங்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். கரண்ட் போனால் இன்வெர்ட்டர், அது தீர்ந்தால் சிலிண்டர், அதற்குள் கரண்ட் வந்துவிடும். நல்ல ஏற்பாடுதான்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சியும் நானும் சேர்ந்து தார்ப்பாய் கட்டினோம். அவர் லோடு ஆட்டோவில் காய்கறி ஏற்றிக் குற்றாலத்து ஓட்டல்களுக்குப் போடுகிறவர். முதலில் அவர் வீட்டு மேற்குச் சுவர், பிறகு என் வீட்டு மேற்குச் சுவர். ஆணி அடித்து, மணல் சாக்கை அணை கொடுத்து, கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டோம். தெரு முழுக்க அதே வேலைதான் நடந்தது. எல்லா வீட்டிலும் மேற்கே நீலத் தார்ப்பாய்.

என் மனைவி உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஏங்க, காத்து கெழக்க இருந்து வருதுன்னு அம்புக்குறி போட்டுக் காட்டுதான். நீங்க மேக்க கட்டுதிய?"

"டிவிக்காரன் மெட்ராஸ்ல இருந்து சொல்லுதாம்ட்டி. அவனுக்குக் கெழக்கு."

"மெட்ராஸ்ல கெழக்குன்னா இங்கன மேக்கா? எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சிய?"

ஏணியில் நின்ற அண்ணாச்சி சிரித்தார். "தங்கச்சி, ஒன் வீட்டுக்காரன் முப்பது வருசம் கணவாய்ல லாரி ஓட்டுனவன். காத்துக்கு அவன நல்லாத் தெரியும்."

"காத்துக்கு அவரத் தெரியும் அண்ணாச்சி. இவருக்குக் காத்தத் தெரியுமான்னுதான் கேக்கேன்."

மூன்று பேருமே சிரித்தோம். அவளுக்குச் சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அவர் சொன்னது பொய்யில்லை. கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு முப்பது வருடம் அந்த மலையில் ஏறி இறங்கியவன் நான். புளியரை வளைவில் லாரியையே ஒரு முழம் நகர்த்துகிற காற்றைப் பார்த்தவன். காற்றைப் பற்றி எனக்கு ஒருத்தரும் சொல்ல வேண்டாம் என்ற திமிர் இருந்தது. அதற்கு வேறு நல்ல பெயர் கிடையாது. திமிர்தான்.

அந்தத் திமிரில் இன்னொன்றும் செய்தேன். அவள் கட்டில் மட்டும், அடுப்படிக்குப் பக்கம் என்று, அதுவரை நடு அறையில் இருந்தது. மேற்கே ஓடு பறந்தால் நடு அறைக்குத்தான் தண்ணீர் இறங்கும் என்று, கட்டிலையும் மிஷினையும் இன்வெர்ட்டரையும் கிழக்கு அறைக்கு இழுத்துப் போட்டேன். இன்வெர்ட்டரை, கைக்கு எட்டட்டும் என்று, சன்னலுக்குக் கீழே ஒரு ஸ்டூலில் வைத்தேன். அந்தச் சன்னல் கதவின் கொண்டி பல வருடமாகச் சரியாக மாட்டாது. மாட்ட வேண்டிய அவசியம் வந்ததில்லை.

இரவு முழுக்க மழை மட்டும் பெய்தது. காலை ஏழு மணிக்குக் கரண்ட் போயிற்று. இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டது, மிஷின் ஓடியது. சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். "வெல்லம் பத்தல," என்றாள். எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது என்று நினைத்தேன்.

ஒன்பது மணிக்குக் காற்று வந்தது. கிழக்கிலிருந்து வந்தது.

கொஞ்சம் கொஞ்சமாகக் கூடவில்லை. தெருவில் எதிர்வீட்டுத் தென்னைகள் எல்லாம் எங்களைப் பார்த்துக் குனிந்தன. அவை மலையைப் பார்த்துச் சாய்வதை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் சன்னல் கதவு பிய்த்துக்கொண்டு உள்ளே வந்து விழுந்தது. அதன் பின்னாலேயே வாளியால் வீசியதுபோலத் தண்ணீர். இன்வெர்ட்டர் இரண்டு முறை கத்திவிட்டு நின்றது. வயர் கருகிய வாசம் வந்தது. மிஷின் ஓடுகிற சத்தம் நாலு வருடமாக என் காதில் இருக்கிறது. அது நின்றதும் வீடே செத்தது மாதிரி இருந்தது.

சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தேன். அதைத் திறக்கிற சாவியைக் காணவில்லை. அறை மாற்றுகிற அவசரத்தில் நடு அறை அலமாரியிலேயே விட்டிருந்தேன். நனைந்த குளிரிலும் கருகிய புகையிலும் அவளுக்கு அடங்காத இருமல் பிடித்துக்கொண்டது. ஓடிப்போய்த் தேடி எடுத்துவந்து மாட்டித் திறக்கிறதற்குள் அவள் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிட்டது. விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கிற கருவியில் அறுபத்தெட்டு என்று காட்டியது. தொண்ணூறுக்குக் கீழே போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

அவளைத் தூக்கிக்கொண்டு நடு அறைக்கு வந்தேன். அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தரை காய்ந்து கிடந்தது. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். மேற்குச் சுவரில் நாங்கள் கட்டிய தார்ப்பாய் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. வீடு காற்றை மறித்து நின்று அந்தத் தார்ப்பாயைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அரிவாளை எடுத்துக் கயிற்றை அறுத்தேன்.

அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அவர் வீட்டு முன்னறையும் குளமாகத்தான் கிடந்தது. ஒரு வார்த்தை கேட்காமல் லோடு ஆட்டோவை எடுத்தார். பின்னால் மெத்தை போட்டு, அவளைப் படுக்கவைத்து, சிலிண்டரை என் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, அந்தத் தார்ப்பாயையே இரண்டு பேருக்கும் மேலே போர்த்தினேன். தென்காசி எங்களுக்குக் கிழக்கே இருக்கிறது. புயலைப் பார்த்துத்தான் வண்டி போக வேண்டும்.

சாதாரண நாளில் பத்து நிமிடம் ஆகிற வழி. பாதியில் ஒரு வேப்பமரம் ரோட்டை அடைத்துக் கிடந்தது. நாலைந்து பேர் அரிவாளும் ரம்பமுமாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் தார்ப்பாய்க்குள்ளிருந்து தலையை நீட்டிக் கத்தினேன்.

"ஏலே, சீக்கிரம் வெட்டுங்கலே! உள்ள ஆளு கெடக்கு!"

"அண்ணாச்சி, கத்துத நேரத்துக்கு எறங்கி ஒரு கை புடிக்கலாம்லா!"

"நான் எறங்குனா சிலிண்டர எவன்லே புடிப்பான்? ஒங்கப்பனா?"

அவர்களில் ஒருவன் எட்டிப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் திரும்பி மற்றவர்களிடம் என்னவோ சொன்னான். மரத்தை வெட்டி முடிக்காமலே, கிளைகளைக் கழித்து, ஒரு பக்கமாக இழுத்து வழி விட்டார்கள். சிலிண்டரில் முள் சிவப்புக்கு வந்திருந்தது. நான் திருகை ஒரு மயிரிழை குறைப்பதும், விரல் கருவியைப் பார்த்துவிட்டு மறுபடி கூட்டுவதுமாக இருந்தேன். அவள் என் சட்டையைப் பிடித்திருந்தாள். திட்டவில்லை. அவள் திட்டாமல் இருந்தது எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி, பெரிய மிஷினில் போட்டார்கள். பணியில் இருந்த மருத்துவர் சின்ன வயசுப் பெண். "இவ்வளவு சொல்லியிருந்தாங்களே, வீட்டுல ஏற்பாடு எதுவும் பண்ணலையா?" என்று கேட்டாள்.

நான் வெடித்தேன். கரண்ட் போனது, சிலிண்டர் வண்டி வராதது, மரம் விழுந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அந்தப் பெண்ணிடம் சண்டை போட்டேன். சொன்னது ஒன்றும் பொய்யில்லை. சொல்லாமல் விட்டது ஒன்றுதான். என் மனைவி முகமூடியைக் கையால் நகர்த்தினாள். "கட்டில... கெழக்க..." என்றாள். செவிலி ஓடிவந்து மறுபடி மாட்டிவிட்டாள். மருத்துவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

பதினோரு நாள் அங்கே இருந்தோம். உயிர் நின்றது. நாலு மணி நேரம் போய்விட்டது. இனி இருபத்துநாலு மணி நேரமும் குழாய் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். குழாயின் நீளம் அடுப்படி நிலைப்படி வரை வரும், அடுப்பு வரை வராது. வாசல் வரையும் வராது. நீளமாக வாங்கிப் போட்டால் காற்றின் வேகம் அவளுக்குப் பற்றாது என்கிறார்கள்.

தெருவில் நாற்பது ஓடு போயிற்று, இரண்டு மாடு செத்தது, தென்னை விழுந்தது. புயல் நம்ம ஊரில் பெரிதாக ஒன்றும் பண்ணவில்லை என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள். அண்ணாச்சிகூட வந்து, "ஏதோ தப்பிச்சிட்டோம் தங்கச்சி," என்றார்.

"யாரு அண்ணாச்சி தப்பிச்சது?" என்று கேட்டாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினார்.

நான் அவள் கட்டிலை நடு அறையிலேயே போட்டேன். இன்வெர்ட்டர் புதிதாக வாங்கி ஆள் உயரத்துக்குச் சுவரில் பலகை அடித்து வைத்தேன். நாலு பக்கமும் சுவர், சன்னல் கிடையாது. எந்தத் திசையிலிருந்தும் எதுவும் வர முடியாது. மூன்றாம் நாள் அவள் சொன்னாள்:

"கட்டில கெழக்க போடுங்க."

"பைத்தியமாட்டி ஒனக்கு? அங்கனதான சாகப் பாத்த?"

"இங்கன என்ன செய்யுதேன்?"

முடியாது என்றேன். அவள் பேச்சை நிறுத்தினாள். மூச்சு இல்லாமல் அல்ல, வேண்டுமென்றே. எட்டு நாள். ஒன்பதாம் நாள், மிஷினையும் இன்வெர்ட்டரையும் நடு அறையிலேயே விட்டு, கட்டிலை மட்டும் இழுத்துக் கிழக்குச் சன்னலோரம் போட்டேன். புதுக் கதவு, இரும்புக் கொண்டி, குறுக்கே ஒரு கம்பி. மழை இருட்டினால் எழுந்து சாத்திவிடுகிறேன். மற்ற நேரம் திறந்துதான் இருக்கிறது.

அங்கே படுத்தால் தெரு முக்கு வரை தெரியும். ஆனால் அவள் குரல் சன்னலைத் தாண்டாது. மீன்காரன் வண்டியை நிறுத்துகிறபோது என்னைக் கூப்பிடுகிறாள். "அயிலக்குக் கண்ணு... வெளுத்திருக்கு. நேத்துள்ளதுன்னு... சொல்லுங்க," என்கிறாள். நாலு வார்த்தைக்கு இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறாள். நான் சன்னலில் நின்று அதைக் கத்துகிறேன். மீன்காரன் என்னோடு சண்டைக்கு வருகிறான். அவளோடு சண்டை போட்ட காலத்தில் அவன் சிரித்துக்கொண்டேதான் போடுவான். என்னிடம் நிஜமாகவே கோபப்படுகிறான்.

"அப்படிச் சொல்லக் கூடாது," என்கிறாள் அவள் பின்னாலிருந்து. "இப்படி..." என்று சொல்லிக் காட்டுகிறாள்.

மறுபடி கத்துகிறேன்.