சிங்கராசா மாற்றிய ஸ்பிரிங்

என் தங்கையின் புருஷன் சிங்கராசாவுக்கு ஒன்றைச் சொல்லி விளங்கவைப்பதைவிடக் மன்னாரில் எங்கள் கீரிக் கரையின் கடல் முழுவதையும் வாளியால் இறைத்துவிடலாம். எழுபதுகளில் நாங்கள் இருவரும் குருநாகல் பக்கம் ஒரே பொலிஸ் நிலையத்தில் கான்ஸ்டபிள்களாக இருந்தோம். அவனோடு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

கெட்டவனில்லை. முதல் பிள்ளை பிறந்து இறந்தபோது லீவு கிடைக்காமல், அடக்கம் முடிந்த பிறகே ஊருக்குப் போய்ச் சேர்ந்தான். என் தங்கை பிரான்சிஸ்கா மறுபடி உண்டானதும், இந்தப் பேற்றுக்காவது பக்கத்தில் நிற்க வேண்டுமென்று மன்னாருக்கு மாற்றம் கேட்டு அலைந்தான். அப்போதுதான் பிஸ்டல் சூட்டுப் போட்டி வந்தது. வெல்பவனுக்குக் கேட்ட இடத்துக்கு மாற்றம் என்றார் நிலையத்துப் பெரியவர். எங்களில் நன்றாகச் சுடுபவன் சிங்கராசாதான். பேசாமல் போய்ச் சுட்டிருந்தால் போதும்.

ஆனால் சிங்கராசா ஐயாவுக்குக் குண்டு இன்னும் வேகமாகப் போக வேண்டுமாம். கழித்துப் போட்ட துவக்கொன்றிலிருந்து முரட்டு ஸ்பிரிங் ஒன்றைத் தன் பிஸ்டலில் மாட்டக் கழற்றிக்கொண்டு வந்தான்.

"உது என்னத்துக்கு?" என்றேன்.

"ஸ்பிரிங் இறுக்கமெண்டால் குண்டு கெதியாப் போகும், மச்சான். மீன் குத்துற துவக்கில றப்பரை இறுக்கினால் அம்பு எப்பிடிப் பாயுது?"

கீரியில் சுழியோடி வளர்ந்த புத்தி.

"அங்க றப்பர்தான் அம்பைத் தள்ளுது. இங்க குண்டைத் தள்ளுறது வெடிமருந்து. பிஸ்டலின்ர மேல்பாகம் பின்னுக்கு வரத் தொடங்கேக்கையே குண்டு போயிடும். பின்னுக்கு வந்ததைத் திரும்ப முன்னுக்குத் தள்ளத்தான் ஸ்பிரிங். அது இறுகினால் மேல்பாகம் முழுக்கப் பின்னுக்கு வராது, வெடிச்ச தோட்டாவின்ர கோது வெளிய விழாமல் சிக்கும்."

"நீ கடலுக்குப் போகாதவன். உனக்கு விளங்காது."

பொறுக்க முடியாமல் ஒரு பலகையை நிறுத்தி, பழைய ஸ்பிரிங்கோடு ஒரு வெடி, புதியதோடு ஒரு வெடி சுடவைத்தேன். இரண்டு குண்டும் ஒரே ஆழத்தில் கிடந்தன; என் கெட்ட காலத்துக்குக் கோது மட்டும் அன்றைக்குச் சிக்கவில்லை. பார்த்துவிட்டு, "பலகை ஈரம்" என்றான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

போட்டியன்று முதல் வெடி நட்டநடுவில் பட்டது. அடுத்ததற்கு விசையை இழுத்தால் வெடிக்கவில்லை. வெற்றுக்கோது வெளியே விழும் வாயிலேயே சிக்கியிருந்தது. அதைத் தட்டி எடுத்து இன்னொன்று சுட்டான், மறுபடியும் சிக்கியது. மற்றவர்கள் சுட்டு முடித்துவிட்டார்கள். இவன் வியர்வை வழிய இழுத்துக்கொண்டே நின்றான். மாற்றம் குளியாப்பிட்டிக்காரன் ஒருவனுக்குப் போனது.

பிள்ளை பிறந்து, கோயிலில் ஞானஸ்நானம் கொடுக்கும் மாமோதீசாவுக்குத்தான் எங்களுக்கு லீவு கிடைத்தது. பெண்பிள்ளை, நல்ல சுகம். தூக்கி வைத்துக்கொண்டு அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்து, "ஸ்பிரிங் கொஞ்சம் இறுக்கம் கூடிப்போச்சு, மச்சான். அதுதான்" என்றான்.

நான் வாய் திறக்குமுன் பிரான்சிஸ்கா பிள்ளையை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

"இந்த முறையும் பிள்ளை செத்துப்போகுமோ எண்டு நோவோட விடியுமட்டும் உங்கட பேரைச் சொல்லித்தான் கத்தினனான்" என்றாள். "கொஞ்சம் இறுக்கமாம்."