எஸ்தர் செய்த எட்டு லென்ஸ்கள்

எஸ்தர் இறந்த செய்தி வந்தபோது தாம்பரம் ரயில் நிலைய நடைமேடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். மின்ரயில் பத்து நிமிடம் தாமதம், அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். குட்டி ரயில் மாதிரிகள் செய்யும் நம் குழுவின் வாட்ஸ்அப்பில் சேகரின் குரல் வந்தது: "அண்ணா, எஸ்தர் அக்கா போயிட்டாங்க. காலையில நெஞ்சு வலின்னாங்களாம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ளயே..." ரயில் வந்தது, நின்றது, கிளம்பிப் போனது. நான் ஏறவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. வெறும் துக்கமாக இருந்தால் அழுது தீர்த்திருப்பேன்.

உங்களில் பலருக்கு அவரை ஞாயிற்றுக்கிழமைகளில்தான் தெரியும். மற்ற நாட்களில் குரோம்பேட்டையில் ஒரு டென்டல் லேபில் செயற்கைப் பல் செய்துகொண்டிருந்தார். நம் குட்டி எஞ்சின்களின் முகப்பு விளக்குக்குச் சரியான லென்ஸ் கிடைக்காமல் நாம் புலம்பியபோது, "குடுங்க, பார்க்கலாம்" என்று ஓர் எஞ்சினைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனார். தெளிவான அக்ரிலிக் குச்சியைச் சுழலவிட்டு, நுனியை உருட்டி, கடுகைவிடச் சற்றே பெரிதாக வெட்டி, பல்லுக்குப் போடும் அதே பாலிஷைப் போட்டுக் கொண்டுவந்தார். "பல்லுன்னா நாலு பேர் பார்க்கணும் சார். இது இருக்கிறதே தெரியக் கூடாது, லைட் மட்டும்தான் தெரியணும்" என்றார்.

ஒரு முறை என் கையிலிருந்து ஒரு லென்ஸ் தெறித்து விழுந்துவிட்டது. நான் தரையில் தவழ்ந்து அரை மணி நேரம் தேடினேன். எனக்கு எதற்கும் பொறுமை கிடையாது, தேடுவதிலும் கோபம்தான். "விடுங்க சார், தேடினா கிடைக்காது. மிதிச்சா கிடைக்கும்" என்றார் எஸ்தர். மறுவாரம் மிதித்தேன்.

இனி சொல்லப்போவது சேலையூர்ப் பள்ளிக்கூடத்தில் நாம் வைத்த கண்காட்சியைப் பற்றி. நான்கு எஞ்சின்களுக்கு எட்டு லென்ஸ்கள் செய்து, காலி மாத்திரை அட்டையில் குழிக்கு ஒன்றாக வைத்து என்னிடம் கொடுத்தார். அட்டையின் பின்னால் எழுதியும் இருந்தார்: வெள்ளைப் பசை மட்டும், ஒரு நாள் காய வேண்டும். தச்சர்கள் வைத்திருக்கும் அந்த வெள்ளைப் பசைதான். நானோ வழக்கம்போல் எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளிவிட்டு, கண்காட்சியன்று காலையில் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவனாக ஓடினேன். ஒரு நாள் காய எங்கே நேரம்? சூப்பர் குளூவை எடுத்து எட்டையும் பத்தே நிமிடத்தில் ஒட்டி, எஞ்சின்களை மூடிவிட்டேன்.

மதியத்துக்குள் எட்டு விளக்கும் புரை விழுந்த கண்களாகிவிட்டன. பார்க்க வந்தவர்கள் குனிந்து குனிந்து பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. என் வாய் இருக்கிறதே, அது சும்மா இருக்குமா? உங்கள் எல்லோர் முன்னிலையிலும், "பல்லு கட்டுறவங்ககிட்ட லென்ஸ் கேட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்றேன். எஸ்தர் ஓர் எஞ்சினை எடுத்து மூக்கருகே வைத்து முகர்ந்தார். என்னைப் பார்த்தார். எடுத்த இடத்திலேயே அதை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நாம், அளவு சரியில்லாவிட்டாலும் பரவாயில்லை என்று, லென்ஸை வெளியில் வாங்கத் தொடங்கினோம். அவர் ஞாயிறு தவறாமல் வந்தார்; நம் குட்டித் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் பொம்மை மரங்கள் நட்டுக்கொண்டிருந்தார்.

சில மாதம் கழித்து என் மூக்குக்கண்ணாடியின் காதில் மாட்டும் கை உடைந்தது. அதே குளூவால் ஒட்டி, கூட்டில் வைத்து மூடினேன். மறுநாள் திறந்தால் இரண்டு கண்ணாடியும் வெள்ளை பூத்திருந்தன. அந்தப் பசையின் ஆவிதான் அப்படிப் படியும் என்று அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. சே, எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

புதுக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்ட கையோடு குரோம்பேட்டை லேபுக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எஸ்தர் கேட்டார்.

"புதுக் கண்ணாடியா சார்?"

"ஆமா. பழசு உடைஞ்சிடுச்சு."

"ஒட்டிப் பார்த்தீங்களா?"

"ஒட்டினேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையிலிருந்த பல் வரிசையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்குக் காதெல்லாம் சுட்டது. மன்னிப்புக் கேட்டேன். "என்கிட்ட எதுக்கு சார்? எனக்கு அன்னிக்கே வாசனை தெரிஞ்சுது. நம்ம குரூப்காரங்ககிட்ட சொல்லுங்க. நானே சொன்னா சமாளிக்கிற மாதிரி இருக்கும்" என்றார். வரும் ஞாயிறே சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்த ஞாயிறு ஆள் குறைவு, அடுத்த வாரம் சொல்லலாம் என்று விட்டேன். அடுத்த வாரம் ஆள் அதிகம். அதற்கடுத்த வாரம் நல்ல மழை. கூட்டம் தொடங்கும்போது எஸ்தர் என்னை ஒரு முறை பார்ப்பார், பிறகு குனிந்து மரம் நடுவார். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன், மின்விசிறியைக் கூட்டுவேன், குறைப்பேன். ஒரு நாளும் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்ட வாசலில் நின்றபோது சேகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தங்கமான கை அண்ணா அக்காவுக்கு. அந்த லென்ஸ் மேட்டர்லதான் கொஞ்சம் சொதப்பிட்டாங்க, பாவம்." நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். நான் அங்கேயும் வாயைத் திறக்கவில்லை. திட்டும்போது மட்டும் எப்படித் திறந்ததோ இந்தப் பாழும் வாய்!

அதனால்தான் எழுதுகிறேன். எஸ்தர் செய்த எட்டு லென்ஸ்களும் சுத்தமாக இருந்தன. அவற்றை மங்கவைத்தவன் நான். சேகர், கேட்டுக்கொள்ளுங்கள், அக்கா எதிலும் சொதப்பவில்லை. அவரிடமிருந்து என்னோடு தங்கிவிட்டவை, நானாகச் சொல்லட்டும் என்று அவர் எனக்கு விட்டுக்கொடுத்த பதினேழு ஞாயிறுகள். அவற்றில் ஒன்றில் நான் சொல்லியிருந்தால் போதும், அவர் காது குளிரக் கேட்டிருப்பார்.