பழைய பில்டர்

வத்தலக்குண்டில் வாடகைக் கார் ஓட்டும் ஜீவிதா, யாரிடம் ஏமாந்தாலும் திருப்பிக் கொடுக்காமல் விடமாட்டாள். புரோக்கர் மணிமாறனுக்கு அது தெரியவில்லை. "இந்த வண்டியில ஒருத்தரும் பீடி குடிச்சதில்ல தாயி. சபரிமலைக்கு மாலை போட்டுருக்கேன், பொய் சொல்வேனா?" என்று மாலையைத் தொட்டுச் சொல்லி, ஒரு பழைய காரை அவள் தலையில் கட்டிவிட்டார்.

ஏசியைப் போட்டதும் பீடி நாறியது. கொடைக்கானல் போகிறவர்கள் பாதி மலையிலேயே வாந்தி எடுத்தார்கள். சீட்டுக் கறையைச் சோப்பு நுரை போட்டுத் தேய்த்தாள், கூரைத் துணியைத் துடைத்தாள், ஆப்பசோடா தூவினாள். நாற்றம் போகவில்லை. கடைசியில் டேஷ்போர்டுக்குள் இருந்த ஏசி பில்டரை உருவினால், அது புகையேறிப் பழுத்துக் கிடந்தது. புதிதாக ஒன்றை மாட்டிவிட்டு, பழையதைப் பாலித்தீன் பையில் கட்டி வைத்தாள்.

சபரிமலைக்குக் கிளம்பும் முன் மணிமாறனே தேடி வந்தார். "உன் வண்டி கமகமன்னு இருக்காமே! என் காரையும் சுத்தம் பண்ணிக் குடு தாயி."

அவருடையதும் அதே மாடல். பளபளவென்று துடைத்து, பழைய பில்டரை உள்ளே மாட்டி, அவர் கிளம்புகிற அன்று காலையில்தான் கொடுத்தாள்.

கோயில் வாசலில் அவர் காரில் ஏறிய குருசாமி, ஏசியைப் போட்டதும் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார். "மாலையோட பீடியா, சாமி?"

"சத்தியமா இல்ல சாமி! மாலை போட்டுருக்கேன், பொய் சொல்வேனா?"

வழியனுப்ப வந்திருந்த ஜீவிதா முன்னால் வந்தாள். "நம்புங்க சாமி. எங்கிட்டயும் மாலையத் தொட்டு இப்படித்தான் சொன்னாரு."