மூன்றாவது கட்டத்தில் இடது பக்கம்

போன வாரம் ஆம்பூர் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் புதிதாக ஒரு வீடியோ கேம்ஸ் கடை. உள்ளே, கல்லூரி மாணவர்களுக்கு நடுவே என் நண்பர் அன்வர் பாய்! வயது ஐம்பதை நெருங்குகிறது. தோல் கம்பெனியில் தரம் பிரிக்கிறவர்.

"இன்னா பாய், இங்க?"

"கண்ணுக்கு டெஸ்ட்டு சார்," என்றார், திரையை விட்டுப் பார்வையை எடுக்காமல்.

சிரிக்கிற விஷயமில்லை. புது மானேஜர் வைத்த பரீட்சையில், இரண்டு தோல்களில் இருந்த மாட்டை உண்ணி கடித்த தழும்பைப் பாய் தவற விட்டுவிட்டார். திங்கட்கிழமை மறுபரீட்சை. அதிலும் தவறினால் தரம் பிரிக்கிற மேஜை போச்சு; ஈரத்தோல் சுமக்கிற வேலைதான். இருபது வருஷமாக 'முதல் தரம்' என்று தீர்ப்புச் சொன்ன வாய்!

அதற்குத்தான் இந்தப் பயிற்சி. திரையில் ஒரு குட்டி விமானம்; கைப்பிடியை ஆட்டி ஓட்ட வேண்டும். கறுப்பு வானத்தில் மின்மினிகளாய்ப் பொழியும் குண்டுகள். இரண்டு கட்டங்களை வலப்பக்கமே ஒதுங்கித் தாண்டிவிடுகிறார். மூன்றாவதில் குண்டுகள் வலப்பக்கமிருந்து வரும். இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். டமார்! மறுபடியும்... டமார்!

"கண்ணு போய்டுச்சு சார். மேஜை வேணாம்னு நானே எழுதிக் குடுத்துடவா?"

"கஷ்டமான கேமு பாய்," என்றார் கடைக்காரர். "இதுவரைக்கும் யாருமே தாண்டல."

யாருமேயா? அங்கேதான் எனக்கு உறுத்தியது. வெறும் கஷ்டமென்றால் நூறில் ஒருவராவது தாண்ட வேண்டாமா?

"பாய், கண்ண மூடிக்கிட்டு அந்தக் கைப்பிடிய ஆட்டிப் பாருங்க. தோலத் தடவற மாதிரி."

மூடினார். வலது... இடது... மறுபடி இடது.

"வலதுல 'டிக்'னு ஒரு துடிப்பு கீது சார். இடதுல இல்ல. செத்துக் கெடக்கு!"

கடைக்காரர் அசரவில்லை. "ரெண்டு மாசமா அப்படித்தான். யாரும் கேக்கலையே! தன் கை சரியில்லன்னு அவங்களே திட்டிக்கிட்டுப் போய்ட்றாங்க."

மலை உயரமாக இருப்பது மலையின் இயல்பு. ஏணியில் ஒரு படியை உருவிவிட்டு, 'உனக்குக் கால் போதாது' என்பது?

பாய் கைப்பிடியை விட்டார். "சார்... அந்தப் பரீட்சைய ட்யூப் லைட்டுக்குக் கீழ வெச்சாங்க."

தரம் பிரிக்கிற மேஜை எப்போதும் வடக்கு ஜன்னலோரம்தான். நேர்வெயில் படாத அந்த வெளிச்சத்தில்தான் தழும்பு வாய் திறக்கும். ட்யூப் லைட்டில் தோல் பளபளவென்று பொய் சொல்லும். தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பயத்தில் கேட்க மறந்திருக்கிறார்!

திங்கட்கிழமை மேஜையை ஜன்னலுக்கு இழுக்கச் சொன்னாராம்.

"டைம் வேஸ்ட்டு பாய்," என்றாராம் மானேஜர்.

"வெளிச்சம் வேஸ்ட்டாவுது சார்," என்றாராம் இவர்.

தழும்பு ஒன்று பாக்கியில்லாமல் காட்டியிருக்கிறார். மானேஜரே 'முதல் தரம்' என்று ஒதுக்கி வைத்த ஒரு தோலிலும் இரண்டு!

மேஜை பிழைத்தது. மானேஜர்தான் இப்போது பாயைச் சந்தேகமாகப் பார்க்கிறாராம்...

பார்க்கட்டும், ஜன்னலோரமாய் வைத்துப் பார்க்கட்டும்!