சீனப் பல் வைத்தியர் வீட்டு 'ஓபன்'

மாத்தளையில் பல் டாக்டரின் அறைக்குள் நுழைந்ததும் கராம்பு எண்ணெய் வாசம் வந்தது. நான் மறுபடி ஏழு வயதுப் பிள்ளையாகிவிட்டேன்.

அப்போது எங்கள் தெருவில் ஒரு சீனப் பல் வைத்தியர் இருந்தார். ஆடுகிற பல்லைக் காட்ட மாட்டேன் என்று வாயை இறுக்கி மூடியபடி அவர் முன் உட்கார்ந்திருந்தேன். அப்பா கெஞ்சிக்கொண்டிருந்தார்.

வைத்தியரின் மனைவி சீனாவிலிருந்து புதிதாக வந்திருந்தார்; இங்கிலீசு பழகிக்கொண்டிருந்தார். "ஓபன் லைட்" என்று விளக்கைப் போட்டார். "ஓபன் ரேடியோ" என்று முடுக்கியதும் பாட்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் கதவையும் புத்தகத்தையும் மட்டும்தான் ஓபன் செய்வோம்.

நான் முழிப்பதைப் பார்த்து வைத்தியர் சிரித்தார். "எங்க பாஷையில ரேடியோவையும் தொறக்கிறதுதான், பாப்பா."

அடக்க முடியாமல் கேட்டேன்: "அப்ப மூடினா, பாடுறவங்க உள்ளயே இருப்பாங்களா?"

கேட்டு முடிப்பதற்குள் பல் அவர் விரல்களில் இருந்தது. வாயில் பஞ்சை வைத்துவிட்டார்.

"இதுக்கா இவ்வளவு நேரம் கெஞ்சினேன்" என்றார் அப்பா.

"வாயத் தொறங்கம்மா" என்று இந்த மாத்தளை டாக்டர் லைட்டைப் போட்டார். அந்த ரேடியோக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. இவரிடம் கேட்க வெட்கமாக இருந்தது. வாயைத் திறந்தேன்.